என் வீட்டுக்காரர் கோடாலி வாங்கிய நாள்

என் வீட்டுக்காரர் இதய ஆபரேஷன் முடிந்து வீட்டோடு கிடந்த மாதங்களில் அவருக்குத் துணையாக இருந்தது நான் அல்ல, செல்போனில் வரும் ஒரு வெள்ளைக்காரர். அந்த ஆள் கையில் ஒரு கோடாலியோடு தனியாகக் காட்டுக்குள் போவார், மரத்தைப் பிளப்பார், குடிசை கட்டுவார், மீன் சுட்டுத் தின்பார். இவர் கட்டிலில் சாய்ந்தபடி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பார். பார்த்த நேரத்துக்கு எங்கள் உழவர்கரை வீட்டுக்கு மேலே ஒரு மாடியே எழுப்பியிருக்கலாம்.

அதனால் எங்கள் மகள், ஆபீஸ் நண்பர்களோடு கல்வராயன் மலையடிவாரத்தில் கூடாரம் போட்டு இரண்டு நாள் தங்கப் போகிறோம், நீங்களும் வாங்க என்று கூப்பிட்டபோது, நான் யோசிப்பதற்குள் இவர் தலையாட்டிவிட்டார். அதோடு விடவில்லை. கோடாலி என் பொறுப்பு என்றும் சொல்லிவிட்டார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. மார்பெலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இனி எல்லா வேலையும் செய்யலாம் என்று டாக்டர் சொல்லி வெகுநாளாயிற்று. இவர்தான் நம்பவில்லை. பெரிய மார்க்கெட்டில் லோடு வேன் ஓட்டி, அரிசி மூட்டைகளைத் தானே முதுகில் ஏற்றி இறக்கிய மனுஷன், இப்போது தண்ணீர்க் குடத்தைத் தொடமாட்டார். குனிந்தால் தையல் பிரிந்துவிடுமாம். கீழே விழுந்த மூக்குக் கண்ணாடியைக்கூட நான் வந்துதான் எடுத்துத் தர வேண்டும். கோபமும் வரும், பாவமாகவும் இருக்கும். இப்படியே பயந்து பயந்து மூலையில் உட்கார்ந்துவிடுவாரோ என்ற கவலைதான் எனக்கு.

முதலில் அவர் போனில் காட்டியது டோமஹாக் என்ற ஒரு கோடாலி. கறுப்பு நிறம், நீளமான ஒல்லிக் கைப்பிடி, ஒரு பக்கம் வெட்டும் வாய், மறுபக்கம் கூர்முனை. யாரைக் கொல்லப் போகிறீர்கள் என்று கேட்டேன். எடை குறைவு என்றார். நாங்கள் போகிற இடத்தில் மரம் வெட்ட அனுமதி கிடையாது. விறகுக் கடையில் வாங்கிய சவுக்குக் கட்டையைப் பிளந்து அடுப்பெரிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒல்லி வாய் கட்டைக்குள் போய் மாட்டிக்கொள்ளுமே தவிரப் பிளக்காது. பின்னால் போகப் போகத் தடிக்கிற தலைதான் கட்டையை இரண்டாக விலக்கும். கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் விறகு பிளந்தவள் நான், எனக்குத் தெரியாதா? கூடாரத்து முளையை எதை வைத்து அடிப்பீர்கள், அந்தக் கூர்முனையை வைத்தா என்று கேட்டதும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

மறுநாள் பெரிய மார்க்கெட்டை ஒட்டிய இரும்புச் சாமான் கடைக்குப் போனோம். கடைக்காரர் இருக்கிற கைக்கோடாலிகளை எல்லாம் மேசைமேல் பரப்பினார். இவர் ஒன்றையும் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை போல நின்றார். என்னைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். ஒன்றுக்குக் கைப்பிடி ஆடியது. இன்னொன்றில் மரத்தின் ரேகை குறுக்கே ஓடியது. ஓங்கி அடித்தால் முறிந்துவிடும், ரேகை நீளவாக்கில் போக வேண்டும். அடுத்தது எனக்குப் பிடித்துப்போயிற்று. தடித்த தலை, பின்பக்கம் சுத்தியல் போலத் தட்டை, கைக்கு அடங்கிய பிடி. கொஞ்சம் கனம்தான். அந்தக் கனமே பாதி வேலையைச் செய்துவிடும்.

இவர் கண்ணோ, ஓரமாகக் கிடந்த ஒரு குட்டிக் கோடாலிமேல் இருந்தது. அதை வைத்து முருங்கைக்காய் நறுக்கலாம். அதுவே போதும் என்றார். யார் சார் வேலை செய்யப் போறது என்று கடைக்காரர் சாதாரணமாகத்தான் கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். எனக்குச் சுருக்கென்றது. காட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பிய மனுஷன் கடையிலேயே பின்வாங்குகிறாரே என்று ஆத்திரமாக வந்தது. கையில் இருந்த கனக் கோடாலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இவரும் அதையே பார்த்துவிட்டு, "அத்த இங்க குடு, பாக்கலாம்" என்றார்.

கத்தி, அரிவாள், கத்தரிக்கோல் எதையும் எங்கள் வீட்டில் கைக்குக் கை கொடுப்பதில்லை. கொடுத்தால் இரண்டு பேருக்கும் சண்டை வரும். கீழே வைப்போம், வேண்டியவர் எடுத்துக்கொள்வார். மேசையில் இடமில்லை. பழக்கத்தில், யோசிக்காமல், தரையில் வைத்துவிட்டேன். வைத்து நிமிர்ந்த பிறகுதான் செய்த காரியம் உறைத்தது.

மற்றதை ஒதுக்கிவிட்டு, நானே அதை எடுத்து மேசைமேல் வைத்துவிடலாமா என்று குனியப் போனேன். அடக்கிக்கொண்டேன். அவர் கோடாலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மேசை விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் குனிந்து, எடுத்துவிட்டார். நிமிர்ந்து, சட்டைக்கு மேலே நெஞ்சைத் தடவிப் பார்த்தார். எதுவும் பிரியவில்லை. கோடாலியைக் காற்றில் ஒரு வீசு வீசினார். கடைக்காரர் ஓரடி தள்ளி நின்றார். இன்னொரு தரமும் வீசினார், அதற்கு அவசியமே இல்லை.

"இத்தயே கட்டுங்க" என்றார்.

ஆட்டோவில் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, மொத்த விறகும் நான்தான் பிளப்பேன் என்று ஆரம்பித்தார். ஆளுக்குப் பாதி என்றேன் நான். உனக்கு என்ன தெரியும் என்றார். விறகு பிளந்து வளர்ந்தவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? குரல் ஏறியது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களையும் அந்தப் பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வண்டியைக் கொஞ்சம் வேகமாகவே விட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல், நான் எதைச் சொன்னாலும் சரி, சரி என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தவர் இவர். வாசலில் ஆட்டோ நின்ற பிறகும் விடாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு இறங்கவே மனசில்லை.