மார்செல்லாவின் நான்காவது பாட்டு

1

மார்செல்லா முதன்முதலாக எங்கள் ஸ்டூடியோவில் பாடியபோது நான் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் போட்டுவிட்டேன். ஒலி மீட்டர் முழுக்கச் சிவப்பாக எரிந்தது. காதில் விழுந்தது பாட்டு மாதிரியே இல்லை, தகரத்தைக் கிழிக்கிற சத்தம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் பாட்டை நிறுத்திவிட்டு, தன்மேல் ஏதும் தப்பா என்பதுபோல என்னைப் பார்த்தார்.

தப்பு என்னுடையது. விளம்பரம் பேசுகிறவர்களுக்கு வைப்பதுபோல மைக்கை அவர் வாய்க்கு நான்கு விரற்கடை தூரத்தில் வைத்திருந்தேன். எனக்கு அதுவரை தெரிந்த முறை அது ஒன்றுதான்.

இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி. துபாய் அல் கூஸில் டயர் கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் நடுவே இருந்தது அந்த ஸ்டூடியோ. அரிசி, நகைக்கடை, பழைய கார் என்று ரேடியோ விளம்பரங்கள்தான் எங்கள் பிழைப்பு. கோவையில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, கணவரின் வேலைக்காக ஷார்ஜாவில் குடியேறிய நான் அங்கே சவுண்ட் எடிட்டர். முதலாளி நபீல் லெபனான்காரர். மைக், கேபிள், ஏசி என்று எது படுத்தாலும் பார்க்கிறவர் செல்வம் அண்ணன். தூத்துக்குடிக்காரர், ஜெபல் அலி துறைமுகத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு எங்களிடம் வந்தவர்.

மார்செல்லாவுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். இத்தாலியில் பல வருடம் ஆப்பெரா என்கிற இசைநாடக மேடையில் கோரஸின் பின்வரிசையில் நின்று பாடியவர். கணவர் இங்கே ஒரு மின் நிலையத்தில் இன்ஜினியர். கான்ட்ராக்ட் முடிந்து ஒரு மாதத்தில் ஊர் திரும்ப இருந்தார்கள். அதற்குள் எட்டுப் பாட்டு கொண்ட ஓர் ஆல்பத்தை முடிக்க வேண்டும். ஆப்பெராவின் பெரிய குரலும், அவர்கள் ஊர் ரேடியோவில் வருகிற லேசான பாப் பாட்டும் கலந்த ஆல்பம்.

இதை ஊருக்குப் போய்ச் செய்யலாமே என்று கேட்டேன். அங்கே பாப் பாடினால் ஆப்பெராக்காரர்கள் தரம் போய்விட்டது என்பார்கள், பாப்காரர்களோ இந்தக் குரலைக் கேட்டால் பயந்துவிடுவார்கள் என்றார்.

"இங்கே என்னை யாருக்கும் தெரியாது. சிரிக்க ஆளில்லை," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

2

மைக்கை எங்கே வைப்பது என்பதற்கே இரண்டு நாள் போனது. ஆப்பெரா பாடும்போது ஆறடி தள்ளி நின்றால்தான் அவர் குரல் விரிந்து வந்தது. பாப் வரிகளுக்கு அந்தத் தூரம் ஒத்துவரவில்லை, கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல இருந்தது. அதற்கு மைக்கின் பக்கத்தில் வந்து, காதில் ரகசியம் சொல்வதுபோலப் பாட வேண்டும்.

நான்காவது பாட்டுதான் சிக்கல். பாப் பாட்டாகத் தொடங்கி நடுவில் ஆப்பெராவாக எழும். இரண்டையும் தனித்தனியாகப் பதிவு செய்து எடிட்டில் ஒட்டிப் பார்த்தேன். இரண்டு பெண்கள் பாடுவதுபோலக் கேட்டது.

செல்வம் அண்ணன் மஞ்சள் டேப்பை எடுத்துவந்து தரையில் நான்கு கோடு ஒட்டினார். முதல் கோடு மைக்கின் பக்கத்தில், கடைசிக் கோடு ஆறடியில். பாடிக்கொண்டே ஒவ்வொரு கோடாகப் பின்னால் போகட்டும் என்றார். போனால் காலடிச் சத்தம் விழுந்தது. மார்செல்லா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு நடந்தார்.

ஏழாவது டேக்கில், அதாவது ஏழாம் முறை பாடிப் பதிந்தபோது, அமைந்தது. எனக்கு இத்தாலிய மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது, ஆனாலும் கை சிலிர்த்து நின்றது. நபீல் தன் அறையிலிருந்து வந்து மூன்று தடவை போடச் சொல்லிக் கேட்டார்.

3

அந்த ஏழாவது டேக்கை இரண்டு வாரம் கழித்து நான்தான் அழித்தேன்.

காலையில் ஒரு நகைக்கடை விளம்பரம் எடுக்க வேண்டியிருந்தது. ஹார்ட் டிஸ்கில் இடமில்லை. நான்காவது பாட்டின் டேக்குகளைக் கோத்து வைத்திருந்த பழைய செஷனைத் திறந்து, அதில் பயன்படாத ஃபைல்களையெல்லாம் தேர்ந்தெடுத்தேன். பட்டியலிலிருந்து மட்டும் எடுக்கவா, டிஸ்கிலிருந்தே அழிக்கவா என்று சாஃப்ட்வேர் கேட்டது. அழி என்று கொடுத்தேன். பழைய செஷனில் கோத்திருந்தது ஐந்தாவது டேக்தான்; அதனால் ஏழாவது டேக்கின் ஃபைலும் பயன்படாதவற்றில் சேர்ந்திருந்தது. ஏழாவது டேக்கை வேறொரு செஷனில் வைத்து வேலை செய்துகொண்டிருந்தேன் என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

விளம்பரத்தைப் பதிவு செய்து முடித்து, புதிய செஷனைத் திறந்தபோது ஃபைல் இல்லை என்று வந்தது. அன்றன்றைய வேலையை அன்றே டிவிடியில் பேக்கப் எழுத வேண்டும் என்பது நபீலின் விதி. அந்தப் பாட்டை எடுத்த நாளில் மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்து ஓடிவிட்டேன். மற்ற நாட்களுக்கெல்லாம் டிவிடி இருந்தது, அந்த ஒரு நாளுக்கு மட்டும் இல்லை.

செல்வம் அண்ணன் அழிந்த ஃபைலை மீட்டுப் பார்க்க முயன்றார். அது இருந்த இடத்தில் நகைக்கடை விளம்பரம் ஏறியிருந்தது. நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அஞ்சாவது டேக் கெடக்குல்லா. அதுல ரெண்டு எடத்த ஒட்டி வச்சிரும்மா. அந்தம்மா நாலு நாள்ல ஊருக்குப் போவுது. யாருக்குத் தெரியப்போவுது?"

என்மேல் அக்கறையில்தான் சொன்னார். இதைவிடச் சின்னத் தப்புக்கு ஒருவரை நபீல் வேலையை விட்டு அனுப்பியதை நாங்கள் இருவரும் பார்த்திருந்தோம். ஒரு மணி நேரம் நானும் ஒட்டிப் பார்த்தேன். குரல் எழும்புகிற அந்த இடம் நொண்டியது. அதைப் போட்டுக் கேட்கக் கேட்க எனக்கு முகம் கூசியது.

"பாடுனவங்களுக்குத் தெரியாம இருக்குமாங்ணா? நான் சொல்லிப்போடறேன்."

"நபீல் என்ன செய்வாருன்னு தெரியும்லா?"

"தெரியுமுங்."

"அப்ப நானும் வாரேன்," என்று எழுந்தார்.

4

நபீல் முழுவதையும் கேட்டுவிட்டு, யார் அழித்தது என்று மட்டும் கேட்டார். நான்தான் என்றேன். மார்செல்லாவிடமும் நீயே சொல் என்று போனை என் பக்கம் தள்ளினார்.

போனில் சொன்னதும் மார்செல்லா, மற்ற ஏழு பாட்டும் பத்திரமா என்று கேட்டார். பத்திரம் என்றேன். அந்த வாரம் முழுக்கப் புழுதிக்காற்று. தனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, டாக்டர் பேசவே கூடாது என்கிறார் என்றார். இரண்டு நாள் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் காலை வருவதாகச் சொன்னார். அதற்கு அடுத்த நாள் அவருக்கு ஃபிளைட்.

அந்த இரண்டு நாளில் எல்லாப் பாட்டையும் இரண்டிரண்டு டிவிடியில் எழுதினேன். செல்வம் அண்ணன் புழுதி வராமல் ஏசி வாயில் ஈரத்துணி கட்டினார்.

மூன்றாம் நாள் மார்செல்லா கழுத்தில் சால்வை சுற்றிக்கொண்டு வந்தார். பேசவில்லை. ஒரு தாளில், மூன்று டேக்தான் முடியும் என்று எழுதிக் காட்டினார். முதல் டேக்கில் உச்சத்தில் குரல் உடைந்தது. இரண்டாவதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டு, வெந்நீர் குடித்து, கண்ணை மூடி நின்றார்.

மூன்றாவதில் அவர் அந்தப் பெரிய உயரத்துக்கு அவசரப்படவில்லை. பாப் பாட்டின் மெல்லிய குரலையே வெகுதூரம் கொண்டுபோனார். ஒவ்வொரு கோடாக மெதுவாகப் பின்வாங்கி, கடைசி வரியில்தான் ஆறடியைத் தொட்டார். குரலில் ஒரு கரகரப்பு இருந்தது. எங்கே பாப் முடிந்து எங்கே ஆப்பெரா தொடங்கியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கண்ணாடி வழியாக, இருக்கிறதா என்று சைகையில் கேட்டார். நான் சேவ் செய்து, ஒருமுறை போட்டுக் கேட்டு, டிவிடியில் எழுதி முடித்த பிறகுதான் நிமிர்ந்தேன். "இருக்குங்," என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்குப் புரிந்தது. உள்ளே வந்து என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அதுவரை வராத அழுகை அப்போது வந்தது.

அழிந்த டேக்தான் உயர்ந்தது என்று நபீல் கடைசிவரை சொன்னார். அதில் என் குரலைக் காட்டிக்கொள்ளப் பாடினேன், இதில்தான் பாட்டைப் பாடியிருக்கிறேன் என்றார் மார்செல்லா. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் முதலாவது இல்லை.

நபீல் என்னை அனுப்பவில்லை. எட்டுப் பாட்டையும் மிக்ஸ் செய்கிற வேலையை என்னிடமே கொடுத்தார். "தப்பை வந்து சொல்கிற ஆளுக்குப் பின்னால் நான் நின்று பார்க்க வேண்டியதில்லை," என்றார். நான் மிக்ஸ் செய்த முதல் முழு ஆல்பம் அது.

சில மாதம் கழித்து மார்செல்லா சிடி அனுப்பியிருந்தார். தன் ஊர் அரங்கில் அந்த எட்டையும் மேடையேறிப் பாடியதாகவும், பழைய ஆப்பெரா தோழிகள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்ததாகவும் எழுதியிருந்தார். இரண்டு பேர் சிரித்தார்களாம். மற்றவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்களாம்.

இந்த வேலைக்கு வருகிறவர்களிடம் பேக்கப் எடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்கிறேன். என்னதான் எடுத்தாலும் ஒருநாள் ஏதாவது ஒன்று போகத்தான் செய்யும். அன்றைக்குச் சொல்லத் தயங்காதீர்கள். நான் தயங்கியது ஒரு மணி நேரம். நான்கு நாள் தயங்கியிருந்தால், பாட வேண்டியவர் விமானத்தில் இருந்திருப்பார்.