மார்ச் மாதத் தார் ரோடு

என் வீட்டுக்காரர் அரசாங்க ரோடு இலாகாவில் மேற்பார்வையாளர். மார்ச் பிறந்தால் மனுஷர் வீடு தங்கமாட்டார். வருஷம் பூராவும் கண்ணில் காட்டாத பணத்தைக் கடைசி மாதம் கொண்டுவந்து கொட்டுவார்கள். முப்பத்தொன்றாம் தேதிக்குள் செலவழிக்காவிட்டால் அது திரும்பிப் போய்விடும். அடுத்த வருஷம் குறைத்தும் விடுவார்கள். அதனால் நன்றாயிருக்கிற ரோட்டின் மேலேயே இன்னொரு தார் விழும்.

"நல்லாத்தானே இருக்கு, எதுக்குங்க மறுபடியும்?" என்பேன்.

"பணத்தைத் திருப்பி அனுப்பினா ஆபீஸ்ல கையாலாகாதவன்னு சிரிப்பாங்கடி."

நாடே தங்கத்தை அடகு வைத்ததாகப் பேப்பரில் வந்ததற்கு அடுத்த மார்ச்சில், அவருக்கு இதய வால்வு கெட்டுவிட்டது. மாதம் முடிவதற்குள் ஆபரேஷன் ஆகவேண்டும் என்றார் டாக்டர். அரசு ஆஸ்பத்திரியில் தேதி கிடைக்கவில்லை; தனியாரில் முன்பணம் கேட்டார்கள். சம்பளத்தில் பிடித்த சேமநிதி இருந்ததே, அதற்கு எழுதிப் போட்டோம். அந்த நிலைமையிலும் மனுஷர் தாம்பரத்து வெயிலில் நின்று எங்கள் தெருவுக்கே தார் போட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

கருவூலத்துக்கு நான்தான் அலைந்தேன். கவுண்டரில் இருந்தவர் தலையைத் தூக்கவே இல்லை.

"கஜானாவுல பணம் இல்லம்மா. பெரிய பில் எதையும் பாஸ் பண்ணாதீங்கன்னு மேலேருந்து போன். ஏப்ரல்ல வாங்க."

"அவரோட சொந்தக் காசு சார்! சம்பளத்துல பிடிச்சது."

"எல்லாருதும் அப்படித்தாம்மா. அதை எடுத்துத்தானே கவர்மென்ட் ஓடுது. நேத்து ஒரு ரோடு பில் போச்சு, அதோட சரி."

எந்த ரோடு என்று கேட்டேன். எங்கள் தெருப் பேரைச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். "நான்தான் ஓடி ஓடி அந்த பில்லை அனுப்பினேன்" என்றார்.

ஏப்ரல் முதல் வாரம் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குள் தண்ணீர்க் குழாய் இலாகாவுக்குப் புது வருஷப் பணம் வந்துவிட்டதாம். அந்தத் தாரைக் கொத்தி, தெரு நெடுகப் பள்ளம் வெட்டிப் போட்டிருந்தார்கள். பாடையோடு அதைத் தாண்ட முடியாது என்று தூக்க வந்தவர்கள் பின்பக்கம் திரும்பினார்கள்.

"அவரு உசுரைக் குடுத்துப் போட்ட ரோடுய்யா! அதுலயாவது கொண்டு போங்கய்யா!" என்று வாசலில் நின்று கத்தினேன்.

சாக்கடைச் சந்து வழியாகத்தான் கொண்டு போனார்கள்.