எந்த இடத்து மணல்?

“உறைகிணற்றை அடுத்த ஆற்றுப்படுகையில் அள்ளிய மணலைப் பேரூராட்சிப் பணிகளுக்கு வாங்குவதில்லை. வீடு கட்டும் பொதுமக்களும் வாங்க வேண்டாமெனக் கேட்டுக்கொள்ளப்படுகிறது.”

இந்த வருஷம், 1997 சித்திரையில், எங்கள் பேரூராட்சி போட்ட தீர்மானம் இது. அறிவிப்புப் பலகையில் பார்த்து அன்றே எழுதிக்கொண்டேன்.

காரணம் இருந்தது. ஆற்றுக்குள் இறக்கிய அந்தக் கிணற்றிலிருந்துதான் ஊருக்குக் குடிதண்ணீர். சுற்றிலும் மணலை அள்ள அள்ள, ஊற்று கீழே இறங்கிவிட்டது. பங்குனியில் மோட்டார் வெறும் காற்றைத்தான் இழுத்தது. தாமிரபரணிக் கரையில் குடியிருந்துகொண்டு, குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றோம்... இதை வெளியூரில் சொல்ல முடியுமா?

தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் இசக்கியம்மாள். பீடி சுற்றுகிறவர். போன வருஷத் தேர்தலில் முதல் தடவையாக வார்டு உறுப்பினர் ஆனவர். எல்லோரும் கை தூக்கினார்கள். தலைவர் டீயும் வடையும் வரவழைத்தார்.

அதற்கடுத்து வந்த முதல் வேலை எது தெரியுமா? இசக்கியம்மாள் வார்டுப் பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை. ஜெயித்த நாளிலிருந்து அவரே நச்சரித்து வாங்கிய வேலை.

பேரூராட்சிக் கூட்டத்துக்குக் காண்டிராக்டர் வந்தார். பொதுமக்கள் பெஞ்சில் நானும் இருந்தேன்.

“யக்கா, அம்புட்டுத் தூரத்து மேல்கரை குவாரியிலேர்ந்து மணலக் கொண்டாரணும்னா லாரி வாடகைக்கே கட்டாது. இந்த ஒரு வேலைக்குக் கண்ண மூடிக்கிடுங்க. நாளைக்கே அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுதேன்.”

“தீர்மானம் போட்டிருக்கம்லா, அண்ணாச்சி.”

“மணலு மணலுதான? அதுல ஊரு பேரா எழுதியிருக்கு?”

“எழுதலைலா... அதான் குவாரிச் சீட்டோட கொண்டாங்கன்னு சொல்லுதோம்.”

தலைவர் தொண்டையைச் செருமினார். “பொட்டப்பிள்ளைய காரியம்மா. யோசிச்சுச் சொல்லு.”

இசக்கியம்மாள் பைய சொன்னார்: “மொத வேலைக்கே கண்ண மூடினா, பொறவு தொறக்க முடியாது. வேண்டாம்.”

காண்டிராக்டர் எழுந்து போய்விட்டார்.

ஆனியில் பள்ளிக்கூடம் திறந்தது. கழிப்பறை இல்லை. பிள்ளைகள் வழக்கம்போலப் பின்னாலிருக்கும் முள்ளுக்காட்டுக்குப் போனார்கள். தெருக்குழாயில் ஒரு தாய், இசக்கியம்மாள் காதில் விழும்படியே பேசினாள்.

“தண்ணி வத்திரும்னு மெம்பரு பயப்படுதாவ. எம் மவ முள்ளுக்காட்டுக்குப் போறாளே, அதுக்கு யாரு பயப்படுதா?”

“எம் மவளும் அங்கனதாம்ட்டி போறா.” இசக்கியம்மாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார்.

நல்ல வழியில் வந்த பொருளைத்தான் வாங்குவோம் என்று கை தூக்குவது சுலபம். அது கிடைக்கும்வரை வாங்காமல் இருக்கிறோமே — அந்த நாட்களை யார் தாங்குகிறார்கள்? கை தூக்கியவர்களா? அவர்களில் ஒருவர்தான் தாங்கினார். மற்றவர்கள் வடை சாப்பிட்டதோடு சரி.

ஆவணியில் வேறொரு காண்டிராக்டர் சம்மதித்தார். மேல்கரை குவாரிச் சீட்டோடு மணல் இறங்கியது. தீபாவளி கழித்துக் கழிப்பறையைத் திறந்தார்கள். ரிப்பன் எல்லாம் வெட்டினார்கள். இசக்கியம்மாள் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்தார்.

“சார், நீங்க எல்லாத்தையும் விசாரிச்சு எழுதி வைப்பியளே. அந்த மணலு மேல்கரையிலேர்ந்துதான வந்துச்சு?”

விசாரித்தேன். சீட்டு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த லாரி மேல்கரைக்கு வந்ததா என்று குவாரிக் காவல்காரருக்கு நினைவில்லை. டிரைவர் கேரளாவுக்கு வேலைக்குப் போய்விட்டாராம். நம் கிணற்றோரம் புதிதாக மணல் அள்ளிய பள்ளம் ஒன்று கிடக்கிறது. அது எப்போது விழுந்தது என்று ஆளுக்கொரு மாதம் சொல்கிறார்கள்.

மணல் எங்கிருந்து வந்தது என்பது, இதை எழுதும்வரை, உறுதியாகவில்லை. இசக்கியம்மாளிடமும் அப்படியே சொல்லிவிட்டேன்.