சுருண்டு கிடக்கும் ஆறு திசைகள்

கல்லூரியில் இயற்பியல் நடத்தி எனக்குத் தலை நரைத்துவிட்டது. அதில் பெரும்பகுதி எனக்கே சரியாகப் புரியாத ஒன்றை மற்றவர்களுக்குப் புரியவைப்பதில் போயிருக்கிறது. இதை வெட்கத்தோடு சொல்லவில்லை, இயற்பியலில் பாதி அப்படித்தான். ஆனால் ஸ்ட்ரிங் தியரி என்னும் இழைக் கோட்பாடு சொல்லும் கூடுதல் திசைகள் விஷயத்தில் மட்டும் எனக்கு ஒரு ரோசம் இருந்தது. கணக்குப் போடத் தெரியும். கண்ணை மூடிக் கற்பனை செய்தால் ஒன்றும் தெரியாது. நீளம், அகலம், உயரம் என்று நாம் புழங்கும் மூன்று திசைகளோடு இன்னும் ஆறு திசைகள் இருந்தால்தான் அந்தக் கோட்பாட்டின் கணக்கு இடிக்காமல் வரும். அந்த ஆறும் எங்கே என்று கேட்டால், எந்தக் கருவிக்கும் எட்டாத அளவுக்குச் சின்னதாகச் சுருண்டு கிடக்கின்றன என்பது பதில். வகுப்பில் இதைச் சொல்லிவிட்டு வரலாம். நமக்குள் இறங்க வேண்டுமே.

போன வருடம் மழைக்காலத்தில் கடைசி வருட மாணவர்கள் இதைப் பற்றித் தனியாகச் சில வகுப்புகள் எடுக்கச் சொன்னார்கள். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவர்கள் யூடியூபில் பார்த்துவிட்டு வந்த கதையே வேறு. ஐந்தாவது பரிமாணத்தில் செத்தவர்கள் இருக்கிறார்களாம், ஆறாவதில் நம்மைப் போலவே இன்னொருவர் இருக்கிறாராம். “திசைன்னா திசைதான். ஆவிங்க வாடகைக்குக் குடியிருக்கிற லைன் வீடு கிடையாது” என்று கத்திவிட்டேன். ஆனால் கத்தினால் போதாது. அந்த இடத்தில் சரியான படத்தை வைக்க வேண்டும்.

ஒரு விளக்கம் செல்லுமா செல்லாதா என்று பார்க்க எனக்கு வீட்டில் ஒரே ஆள்தான், என் மனைவி. காங்கேயம் பக்கத்தில் தேங்காய் உலர்த்தும் களங்களுக்கு நடுவே வளர்ந்தவள். பி.காம். படித்துவிட்டு ஒரு பம்ப் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். மகள் பெங்களூரில் வேலையில் இருப்பதால், கோவை கணபதியில் இரண்டு லேத் பட்டறைகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான். அவளிடம் எனக்குப் பிடித்த குணம், புரியாததைப் புரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டாள். பிடிக்காத குணமும் அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டை மாடியில் கோரைப்பாயை விரித்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

“இதுமேல ஒரு எறும்பு எந்தெந்தப் பக்கம் போகலாம்?”

“எறும்பெல்லாம் இல்லீங்க. நேத்துத்தான் உதறி வெச்சேன்.”

“இருக்குதுன்னு வெச்சுக்க.”

“நீளவாக்குல போலாம், அகலவாக்குல போலாம்.”

பாயை இறுக்கிச் சுருட்டிக் கயிறு கட்டி, மாடியின் மறுகோடியில் கிடத்திவிட்டு வந்தேன். “இப்ப என்ன தெரியுது?”

“கோடாட்டத் தெரியுதுங்க.”

“அகலம் எங்க போச்சு?”

“நீங்கதான் சுருட்டிப்போட்டீங்களே.”

“போயிருச்சா, இருக்குதா?”

“இருக்குதுங்க. இங்கிருந்து பாத்தாத் தெரியல.”

அவ்வளவுதான் விஷயம் என்றேன். பாயின் மேல் இருக்கும் எறும்புக்கு அந்த அகலம் இன்னும் இருக்கிறது. சுற்றி நடந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். இழைக் கோட்பாட்டில் அப்படிச் சுருண்ட திசைகள் ஆறு. பாயைப் போல ஒரு மூலையில் மட்டும் கிடக்கவில்லை, வெளியின் ஒவ்வொரு புள்ளியிலும் இருக்கின்றன. அந்தச் சுருளின் வடிவம் எப்படியோ, அதற்கேற்றபடிதான், எல்லாப் பொருளுக்கும் அடியில் இருக்கும் நுண்ணிய இழைகள் அதில் அதிரும். எந்தத் துகள் உண்டாகும், அதற்கு எவ்வளவு எடை என்பதெல்லாம் அந்த அதிர்வைப் பொறுத்தது. கண்ணில் படாத ஒன்று கண்ணில் படுகிற அத்தனைக்கும் தலையெழுத்தை எழுதுகிறது.

“ஒவ்வொரு புள்ளியிலயும்னா? இந்தச் செவுத்துக்குள்ளயுமா?”

“செவுத்துக்குள்ள, காத்துக்குள்ள, எல்லாத்துலயும்.”

“எனக்குள்ள?”

“உனக்குள்ளயுந்தான் அம்மணி.”

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, பொறுங்கள் என்று மற்றக் கையைக் காட்டினாள். அந்த இருமல் ஆயுத பூஜைக்கு முன்பே தொடங்கியது. மழை ஈரம், பட்டறைத் தூசி, கம்பெனியில் ஏ.சி. என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம்.

அடுத்த வகுப்புக்கான படம் சமையலறையில் கிடைத்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த உருளைக்கிழங்கை அவள் வில்லை வில்லையாக அரிந்துகொண்டிருந்தாள். தோல் பளபளவென்று இருந்த ஒரு கிழங்கின் உள்ளே கறுப்பு. அவள் ஒதுக்கிய வில்லைகளை எடுத்து வரிசையாக மேடைமேல் அடுக்கினேன். முதல் வில்லைகளில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு கறுப்புப் புள்ளி. அடுத்ததில் கொஞ்சம் பெரிது, அதற்கடுத்ததில் இன்னும் பெரிது, அப்புறம் சிறுத்துச் சிறுத்து, மறுபடி வெறும் கிழங்கு. பக்கத்தில் முந்தின நாள் மரவள்ளிக்கிழங்கு கொஞ்சம் மீதியிருந்தது. அதையும் அரியச் சொன்னேன். அதில் எல்லா வில்லையிலும் நட்டநடுவில் ஒரே புள்ளி, ஏனென்றால் அது நுனியிலிருந்து அடிவரை ஓடுகிற நார்.

“அழுகினத எடுத்து அடுக்கி வெச்சு அழகு பாக்கறீங்களே” என்றாள்.

வகுப்பில் கிழங்கு பிரமாதமாக வேலை செய்தது. உயரம் என்றாலே என்னவென்று தெரியாத, தட்டையான ஒரு பிறவி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அதற்கு ஒரு நேரத்தில் ஒரு வில்லைதான் தெரியும். நார் என்றால் எப்போதும் ஒரு புள்ளி இருந்துகொண்டே இருக்கும். கட்டி என்றால் ஒன்றுமில்லாத இடத்தில் திடீரென்று முளைத்து, பெருத்து, சிறுத்து, காணாமல் போகும். நமக்குத் தெரியாத திசையிலிருந்து ஒரு உருண்டை இந்த அறையைக் கடந்து போனால் நமக்கும் அப்படித்தான் தெரியும் என்று சொன்னபோது, யூடியூப் பையன்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள். எனக்கே முதுகில் சில்லென்றது. பெருமையாகவும் இருந்தது.

கடைசி வகுப்பில் ஆதாரத்தைப் பற்றிக் கேட்டார்கள். துகள்களை வேகமாக மோதவிட்டு, முன்னால் இருந்த ஆற்றலையும் பின்னால் இருக்கும் ஆற்றலையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். குறைந்தால், ஏதோ ஒன்று நமக்கு எட்டாத திசையில் நழுவியிருக்கலாம். இதுவரை அப்படி எதுவும் உறுதியாக அகப்படவில்லை, இந்தத் திசைகள் இல்லாமலேகூடப் போகலாம் என்றும் ஒளிக்காமல் சொன்னேன். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவள் தையல் மிஷினில் உட்கார்ந்து தன் ஜாக்கெட்டுகளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டதாம். கையைத் தூக்கியபோது வளையல்கள் முழங்கை வரைக்கும் ஓடின. நான் மறுநாளே அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

அவர் மார்பை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட் வருவதற்கு முன்பே ஸ்கேன் சென்டரில் படங்களை ஒரு சி.டி.யில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அவள் மாடியில் துணி எடுக்கப் போயிருந்த நேரத்தில் அதை லேப்டாப்பில் போட்டேன். மௌஸின் சக்கரத்தை உருட்ட உருட்ட, என் மனைவி வில்லை வில்லையாக நகர்ந்தாள். நுரையீரல் கறுப்பு, அதில் நட்சத்திரம் தெளித்ததுபோல் வெள்ளைப் புள்ளிகள். முதலில் அத்தனையும் கட்டிகள் என்று நினைத்தேன். உருட்டிப் பார்த்தால் ஒவ்வொரு புள்ளியும் அடுத்த வில்லையிலும் இருந்தது, கொஞ்சம் நகர்ந்து, கிளை பிரிந்து, மறுபடி சேர்ந்து. எல்லாம் நார். ரத்தக் குழாய்கள். மூச்சு வந்தது.

வலது பக்கத்தில் ஒரு புள்ளி மட்டும் அப்படி இல்லை. ஒன்றுமில்லாத இடத்தில் முளைத்தது. பெருத்தது. சிறுத்தது. போய்விட்டது. நான் சக்கரத்தைப் பின்னால் உருட்டினேன், அது மறுபடியும் வந்தது. எத்தனை தடவை உருட்டினாலும் அதே இடத்தில் வந்து, அதே இடத்தில் போயிற்று.

பின்னால் காலடிச் சத்தம். காப்பியோடு நின்றாள். நான் லேப்டாப்பை மூடினேன்.

“என்னங்க தெரியுது?”

“ரத்தக் குழாய்தான் எல்லாம். நாராட்ட ஓடுது” என்றேன்.

“செரிங்க” என்று காப்பியை வைத்துவிட்டுப் போனாள்.

ரிப்போர்ட் வந்தது. டாக்டர் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார். எங்கள் பக்கத்தில் எல்லா டாக்டர்களும் அப்படித்தான். கெட்ட சேதிக்குச் சொந்தக்காரர் நோயாளி இல்லை, கூட வந்தவர். ஊசி வைத்துத் துளி சதை எடுத்துப் பார்த்தால்தான் எதையும் உறுதியாகச் சொல்ல முடியும், தள்ளிப்போடக் கூடாது என்றார். அவள் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். அவளுடைய பெரியம்மா ஒருவருக்கு ஊசி வைத்த பிறகுதான் நோய் உடம்பெல்லாம் பரவியது என்று குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. அது தப்பு என்று நானும் சொன்னேன், டாக்டரும் சொன்னார், மகள் பெங்களூரிலிருந்து போனில் அழுதாள். நாட்கள் போய்க்கொண்டிருந்தன. அவள் இருமும்போதெல்லாம் அந்த உருண்டை எனக்குக் கண் முன்னால் பெருத்தது. வீட்டில் எதைப் பார்த்தாலும் பயமாக இருந்தது.

கடைசியில் அவளே சொன்னாள். “ஆத்தாகிட்டப் பூக் கேட்டுப்போட்டு வந்தர்றேங்க. அப்பறம் பாக்கலாம்.”

பூக் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, ஆபரேஷனோ, முடிவெடுக்க முடியாவிட்டால் குலதெய்வத்திடம் போய் நிற்பார்கள். பூசாரி வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே இலையில் ஒரே மாதிரி மடித்து, குலுக்கி, அம்மன் காலடியில் வைப்பார். கேட்கிறதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. மனசுக்குள் கேட்டுக்கொண்டு, யாராவது ஒருவரை ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்ல வேண்டும். வெள்ளை வந்தால் ஆத்தா ஆமாம் என்கிறாள். சிவப்பு வந்தால் இல்லை.

காங்கேயம் பஸ்ஸில் போய் இறங்கி, ஆட்டோ பிடித்துக் கோயிலுக்குப் போனோம். அவள் அங்கே குளித்த ஈரத்தலையோடு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். அங்கே சாமி கும்பிட வந்திருந்த ஒரு அம்மாவைப் பூசாரி எடுக்கச் சொன்னார். சிவப்பு வந்தால் இவள் ஊசிக்கு வரவே மாட்டாள், அந்தப் புள்ளி அதன் பாட்டுக்கு வளரும். இலையைப் பிரித்தார்கள். வெள்ளை அரளி. நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். இயற்பியல் வாத்தியார் ஒரு அரளிப்பூவுக்கு நன்றி சொன்னதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. அவள் முகத்தில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. பூவை வாங்கித் தலையில் வைக்காமல் மணிபர்ஸில் வைத்தாள்.

பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, “ஊசி வெச்சுக்கறனுங்க. டாக்டருக்குப் போன் பண்ணீருங்க” என்றாள்.

ஊசி வைக்கும் நாள் காலையில் பச்சை கவுன் போட்டு, ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து, கதவுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். நான் அவள் தலைமாட்டில் நின்றேன். சும்மா இருந்திருக்கலாம். “ஆத்தாதான் வெள்ளைப் பூக் குடுத்துட்டாளே கண்ணு. ஒண்ணும் இருக்காது” என்றேன்.

“ஏனுங்க, நான் ஆத்தாகிட்ட என்ன கேட்டேன்னு நெனச்சீங்க?”

“ஊசி வெச்சுக்கலாமான்னு.”

“இல்லீங்க. இது அந்த நோவுதானான்னு கேட்டேன்.”

நான் அந்தக் கதவைப் பார்த்தேன்.

“அன்னைக்கே நீங்க பாத்துப்போட்டீங்க. காப்பி கொண்டாந்தா மூடி வெக்கறீங்க, கேட்டா நாருங்கறீங்க. கெழங்கு அரிஞ்சு குடுத்தவ நான்தானுங்க, எனக்குத் தெரியாதுங்களா? உங்ககிட்டக் கேட்டா வராதுன்னுதான் பஸ் ஏறிப் போய்க் கேட்டேன். ஆமான்னு சொல்லிப்போட்டா. செரி, தெரிஞ்சுபோச்சு, இனி ஊசி வெச்சாத்தான வைத்தியம் பாப்பாங்கன்னு வந்தேன்.”

அவள் பயந்துவிடக் கூடாது என்று இத்தனை நாள் சிரித்துக்கொண்டே திரிந்தேன். அவள் முழுப் பயத்தையும் வைத்துக்கொண்டு, என் சிரிப்பையும் பார்த்துக்கொண்டு, தனியாக இருந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. அடக்க முயலவில்லை.

“எத்தாச்சோடுங்க இருந்துச்சு?” என்று அளவு கேட்டாள்.

என் கட்டைவிரல் நகத்தைக் காட்டினேன். அவள் அந்த விரலைப் பிடித்து முகத்துக்குப் பக்கத்தில் இழுத்து உற்றுப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

அதற்குள் ஊசி வைக்கும் டாக்டர் வந்தார். சின்ன வயது, மரியாதையான ஆள். என் தோளைத் தொட்டுக் கொஞ்சம் ஓரமாகக் கூட்டிப்போய், குரலைத் தாழ்த்தி, “ரிசல்ட் வந்ததும் உங்களுக்குப் போன் பண்றனுங்க சார்” என்றார்.

“டாக்டருங்க” என்று ஸ்ட்ரெச்சரிலிருந்து அவள் குரல் வந்தது. “எனக்குப் பண்ணுங்க. அவருகிட்டச் சொன்னா எனக்கு வந்து சேராதுங்க.”

டாக்டர் என்னைப் பார்த்தார். அவளுடைய நம்பரை நான்தான் சொன்னேன்.