கச்சான் சேராத பிள்ளை

எனக்கும் என் ஓரகத்திக்கும் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளைப் பற்றி நடுநிலையாக எழுத எனக்கு வராது.

ஜப்பான்காரன் என் கணவரைச் சயாம் ரயில்பாதை வேலைக்கு ஏற்றிக்கொண்டு போனபோது மகளுக்கு ஏழு மாதம். பிரிக்பீல்ட்ஸில் ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடும் வேலை அவருக்கு. ஆள் போனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்த என் அப்பா, நான் சாதி விட்டுக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து என் முகத்தில் விழிப்பதில்லை. வேறு போக்கில்லாமல் கிள்ளானில் இருந்த கணவரின் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். வீட்டில் அவர் பேச்சு எடுபடாது, அவர் மனைவியின் பேச்சுதான்.

எனக்குப் பால் வற்றிவிட்டது. டின்பாலைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. ரேஷனில் சுண்ணாம்பு வாடை அடிக்கும் அரிசி கொஞ்சம் கிடைக்கும், மிச்ச வயிற்றுக்கு மரவள்ளி. ஓரகத்தி வீட்டுக்குப் பின்னால் கச்சான் போட்டிருந்தாள். நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். வறுத்து இடித்துக் கஞ்சியில் கரைப்பாள். எலும்பும் தோலுமாகக் கிடந்த அவளுடைய கடைசிப் பையன் அந்தக் கஞ்சியில்தான் தேறி எழுந்து நடந்தான். அதை நான் மறுக்கவில்லை.

என் மகளுக்கு அதை ஊட்டியதும் உதடு வீங்கியது, உடம்பெல்லாம் தடித்தது, வாந்தி எடுத்தாள். சூடு என்று சொல்லி ஓரகத்தி வேப்பிலை அரைத்துப் பூசினாள். அடங்கியது. கொஞ்ச நாள் விட்டு மறுபடி கொடுத்தோம், மறுபடி அதே வீக்கம். மரவள்ளி தின்றால் ஒன்றுமில்லை, வாழைப்பழம் தின்றால் ஒன்றுமில்லை. கச்சான்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. பிறகு ஒருநாள் வெறும் கஞ்சிக்கே வாயோரம் தடித்தது. விசாரித்தால், கச்சான் கஞ்சி கிளறிய அகப்பையைத் துடைத்துவிட்டு அதையே இதிலும் போட்டிருக்கிறாள். அன்றைக்கே மகளுக்குத் தனிச் சட்டி, தனி அகப்பை என்று ஒதுக்கினேன். மற்றவர் தொட விடவில்லை. சாம்பல் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் ஊட்டுவேன்.

"எங்க கை பட்டா உன் பிள்ளைக்கு ஆகாதோ?" என்று கேட்டாள் ஓரகத்தி.

கச்சான்தான் சேரவில்லை அக்கா என்றேன்.

"சேராதது கச்சான் இல்ல, நாங்கதான். கிராணி வீட்டுப் புத்தி எங்க போவும்?"

அந்த வீட்டில் தனிச் சட்டிக்கு ஒரே அர்த்தம்தான். சின்ன வயதில் அவள் தோட்டத்துக் கிராணி வீடுகளில் பாத்திரம் கழுவியவள். கொல்லைப்புறத்தில் நின்று கொட்டாங்கச்சியில் தேத்தண்ணி வாங்கிக் குடித்தவள். எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்வது? என் பிள்ளையின் உதடு சாதி பார்த்தா வீங்கியது?

அக்கம்பக்கத்துப் பெண்களிடம் அவள் சொல்லி வைத்ததில், தண்ணீர்க் குழாயில் எனக்கு யாரும் இடம் விடவில்லை. நானும் யாரிடமும் கெஞ்சவில்லை.

ஒரு காலையில் மகளை உறங்க வைத்துவிட்டு ரேஷன் வரிசைக்குப் போனேன். திரும்பி வந்தபோது நடுவீட்டில் அந்தப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மகள் ஓரகத்தியின் மடியில் கிடந்தாள். கண் திறக்க முடியாதபடி முகம் உப்பியிருந்தது. மூச்சு விசிலடித்தது.

"சீனி போட்டு ஒரு கச்சான் உருண்டைதான் குடுத்தேன்" என்றாள் ஓரகத்தி. "நெஜமா, இல்ல நடிப்பான்னு எல்லாரும் பாக்கட்டும்னு."

பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டேன். அன்று வேலையில்லாமல் வீட்டிலிருந்த அண்ணன் உடனே சைக்கிளை எடுத்தார். டயருக்குப் பதில் ரப்பர் குழாய் சுற்றிய சைக்கிள் அது. மனைவியைக் கேட்காமல் அவர் செய்த ஒரே காரியம் அதுதான் என்று நினைக்கிறேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லை. காயத்துக்குக் கட்டுப் போடும் டிரசர் மட்டும் இருந்தார். இழுப்புக்காரர்களுக்குப் போடும் ஊசி மருந்தில் மிச்சமிருந்ததைப் பிள்ளைக்குப் போட்டார். மூச்சு மெல்லச் சீரானது.

"ஏன்னு எனக்கும் தெரியலம்மா" என்றார் அவர். "சில உடம்பு சில சாப்பாட்ட விஷமா எடுத்துக்குது. வாயில படாம பாத்துக்குங்க. அடுத்த தடவ வந்தா போட ஊசி இருக்காது."

ஒவ்வாமை என்ற சொல்லை நான் கேட்டது பல வருடம் கழித்துத்தான்.

வீட்டுக்கு வந்து, டிரசர் சொன்னதை அந்தப் பெண்கள் எதிரிலேயே சொன்னேன். இருவர் எழுந்து போய்விட்டார்கள். ஓரகத்தி தலை குனியவில்லை. பிள்ளைக்குப் பிறவியிலேயே இழுப்பு இருந்திருக்கும், இவள் கச்சான்மேல் பழி போடுகிறாள் என்றாள். அண்ணன் கொல்லையில் மூன்று கல் வைத்துத் தனி அடுப்பு போட்டுக் கொடுத்தார். ஜப்பான்காரன் போகும்வரை அங்கேதான் சமைத்தேன். ரேஷனுக்குப் போனாலும் பிள்ளையைத் துணியில் கட்டித் தூக்கிக்கொண்டே போனேன். ஒரே கூரைக்கடியில் இருந்தும் அவளும் நானும் பேசிக்கொள்ளவில்லை.

கணவர் சயாமிலிருந்து உயிரோடு திரும்பினார். காலில் ஆறாத புண். இரண்டு பேர் சொன்னதையும் கேட்டுவிட்டு, "அண்ணி தெரியாமதான செஞ்சாங்க?" என்றார்.

"தெரிஞ்சிக்கத்தான் செஞ்சாங்க" என்றேன்.

அவருக்கு ரயில்வேயில் மறுபடி வேலை கிடைத்து பிரிக்பீல்ட்ஸுக்கே வந்தோம். ஒரு தைப்பூசத்துக்கு ஓரகத்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். எங்கள் டம்ளரிலேயே காப்பி கொடுத்தேன், பக்கத்தில் உட்கார்ந்து நானும் குடித்தேன். அவள் மகளை மடிக்கு அழைத்தாள். நான் மகளை உள்ளே அனுப்பிவிட்டேன்.