கண்ணுக்குள் பொடுகு

என் கணவர் ஆவடி ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன வருடம் கண் பரிசோதனைக்குத் தனியாகத்தான் போவேன் என்று அடம்பிடித்துப் போனார். திரும்பும்போது கையில் ஷாம்பு பாட்டில். "பொடுகு கீதுன்னாரு டாக்டரு" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

இந்த வருடம் கண்புரை ஆபரேஷனுக்காக அம்பத்தூரில் வேறு மருத்துவமனைக்குப் போனோம். எத்தனை முறை சொட்டு மருந்து விட்டும் கண்பாவை சரியாக விரியவில்லை. டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணுக்குள்ள லென்ஸ் மேல பொடுகு மாதிரி படிஞ்சிருக்கே, முன்னாடி யாரும் சொல்லலையா?" என்று கேட்டார்.

"சொன்னாங்கம்மா. ஷாம்பு போட்டுகினுதான் கீறேன்" என்றார் இவர்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. கண் அழுத்தமும் ஏறியிருந்தது. லென்ஸைப் பிடித்திருக்கும் இழைகள் தளர்ந்திருக்கும், தெரியாமல் கை வைத்திருந்தால் லென்ஸ் கண்ணுக்குள்ளேயே நழுவி விழுந்திருக்கலாம் என்றார். ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு, அழுத்தத்தைக் குறைத்து, முன்னேற்பாட்டோடு செய்தார்கள். பார்வை பிழைத்தது. பழைய சீட்டு எங்கே என்று கேட்டால், "பொடுகுக்கு எதுக்குடி சீட்டு?" என்கிறார்.

இப்போதெல்லாம் டாக்டர் அறைக்குள் நானும் போகிறேன். சீட்டை நானே வாங்கிப் பையில் வைக்கிறேன். புரியாததைத் திரும்பக் கேட்கிறேன். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். இவர் தலையில் பத்து வருடமாக ஒரு முடிகூடக் கிடையாது.