ஆடியது அண்ணன் கை அல்ல

எங்கள் அண்ணன் கர்த்தரின் இளைப்பாறுதலுக்குள் சென்று ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவின்முறையாருக்கும் நண்பர்களுக்கும் தம்பியாகிய நான் எழுதுவது. வீட்டில் எழுதப் படித்தவன் என்று என்னிடம் இந்த வேலையைத் தந்தார்கள். வாயடக்கம் உள்ளவன் என்று யாரும் தரவில்லை.

அண்ணன் பிறந்தது முக்கூடலில். தகப்பனார் சீக்கிரமே காலமானதால் சிறுவயதிலேயே மாட்டுவண்டி ஏறி, அம்பாசமுத்திரத்துக்கு நெல் ஏற்றிப்போய் என்னைப் படிக்க வைத்தார். மாட்டையும் என்னையும் ஒரே குரலில்தான் அதட்டுவார். மாடு கேட்டது. நானும் ஒருவழியாகப் பாளையங்கோட்டையில் வாத்தியார் ஆனேன்.

அம்பாசமுத்திரம் அரிசி மில் முதலாளி மோட்டார் வாங்கியபோது, அதோடு வந்த பட்டணத்து டிரைவரிடம் மூன்று மாதம் இருந்து அண்ணன் தொழில் கற்றார். கள் தொடுவதில்லை என்று சபையார் முன் எழுந்து நின்று வாக்குக் கொடுத்தவர் அவர். அதை நம்பித்தான் முதலாளி தம் பிள்ளைகளை அந்த வண்டியில் ஏற்றினார்.

ஜெர்மன் சண்டை தொடங்கிய மறுவருஷம், பங்குனியில், வேகம் கூட்டும்போதெல்லாம் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது. ஒருநாள் நானும் ஓசியில் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

"என்ன வே இது, இந்த ஆட்டம் ஆடுது?" என்றார் முதலாளி.

அண்ணன் பதில் சொல்லுமுன் நான் முந்திக்கொண்டேன். "வண்டி எங்க ஆடுது அண்ணாச்சி? அண்ணன் கைல்லா ஆடுது! காலையில எந்தப் பனையடியில நின்னாரோ!"

நான் மட்டும் சிரித்தேன். மறுநாள் முதலாளி அண்ணனிடமிருந்து வண்டியை வாங்கிக்கொண்டார். "கை நடுங்குதவன நம்பிப் பிள்ளையள எப்படி வே அனுப்ப?" என்றாராம்.

அண்ணன் என்னை ஏசவில்லை. "லே தம்பி, மொதலாளிகிட்ட வெளையாட்டுக்குச் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாலே" என்றார். நாளைக்குப் போகிறேன் என்றேன். ஊரெல்லாம் என்னைக் கோமாளி என்றது. முதலாளி ஒருவர்தான் "வாத்தியாரே" என்று எழுந்து நிற்பார். அந்த ஒரு மரியாதையை விட மனம் வரவில்லை. நான் போகவே இல்லை.

ஒரு மாதம் கழித்துப் புது டிரைவர் வண்டியோடு முக்கூடலுக்கே வந்துவிட்டார். மதுரைக்காரர். "அண்ணே, எனக்கும் ஆடுதுண்ணே. நான் காப்பித்தண்ணிகூடக் குடிக்கிறதில்லே" என்றார், அழாக்குறையாக.

அண்ணன் அவரைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். செய்யவில்லை. நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார், ஸ்டியரிங் ஆடவில்லை. ஆக, குற்றம் எஞ்சினில் இல்லை. மெல்ல ஓட்டினார், அப்போதும் ஆடவில்லை. வேகம் கூட்டியதும் நடுக்கம் வந்தது. முன்பக்கத்தைத் தூக்கிக் கல் கொடுத்து, சக்கரங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து அசைத்தார். இடது சக்கரம் கிறீச்சிட்டது. அதன் மர ஆரக்கால்கள் வெயிலில் காய்ந்து சுருங்கி, பொருத்தில் தளர்ந்திருந்தன.

"நம்ம மாட்டுவண்டிச் சக்கரம் காஞ்சா என்ன செய்யுதோம்? அதான் இதுக்கும்" என்று சொல்லி, முன்சக்கரங்கள் முழுகும்படி வண்டியைத் தாமிரபரணிக்குள் இறக்கிவிட்டார். துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா, "மோட்டாருக்கு ஞானஸ்நானமா அண்ணாச்சி?" என்று கேட்டார். அன்று அண்ணனும் சிரித்தார். சாயங்காலம் வரை மரம் ஊறியது. பிறகு தச்சர் வந்து ஆப்பு இறுக்கினார். ஆற்றங்கரைச் சாலையில் எவ்வளவு வேகம் கூட்டியும் ஸ்டியரிங் அசையவில்லை. அண்ணன் இரண்டு விரலால் பிடித்து ஓட்டிக் காட்டினார்.

முதலாளி வருத்தம் தெரிவித்து அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார். வண்டி சரியாயிற்று. பேச்சு சரியாகவில்லை. "கையாட்டி டிரைவர்" என்ற பெயர் சந்தையிலும் கோயில் வாசலிலும் நிலைத்துவிட்டது. சபை மூப்பர்களைத் தெரிந்தெடுத்தபோது யாரும் அவர் பெயரைச் சொல்லவில்லை. நானும் அங்கே இருந்தேன். எதற்கும் வாய் திறக்கும் நான் அன்றைக்குப் பார்த்து மௌனம் காத்தேன்.

கடைசியில் விஷக்காய்ச்சல் கண்டு படுத்தார். மதினி கொடுத்த கஞ்சித் தம்ளர் அவர் கையில் தளும்பியது. நான் கீழே தாங்கிப் பிடித்தேன். என்னைப் பார்த்து, "இப்பம் சொல்லுலே, இப்பம் மெய்தான்" என்றார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

நோயில் உடனிருந்த வைத்தியர், மதினிக்குத் துணையிருந்த அண்டை வீட்டார், பெட்டி செய்து கொடுத்த அதே தச்சர், பெட்டியின் ஒரு முனையைத் தோளில் சுமந்த மதுரைக்கார டிரைவர் ஆகிய அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. முதலாளி அவர்கள் வீட்டுக்கு இம்மலரை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்; இனி அவர் எனக்காக எழுந்து நிற்க வேண்டாம், நான் நின்றுகொண்டே கொடுப்பேன்.

படிக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அண்ணன் கள் தொட்டதில்லை. ஆடியது இடது சக்கரம். கதை கட்டியவன் நான். அந்தப் பட்டப்பெயரை யாராவது சொல்லக் கேட்டால், இதை எடுத்து வாசித்துக் காட்டுங்கள்.